கேபினுக்குள் ஒழுகிய தண்ணீர்

லாரிக்காரக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. எது கெட்டாலும் முதலில் வண்டியைத்தான் பார்ப்பார்கள். முதுகு வலிக்கிறதா, சீட்டை மாற்று. கால் மரத்துப்போகிறதா, கிளட்சைப் பார். புருஷன் வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுந்தால், "வழியில வண்டி ஏதும் மக்கர் பண்ணிச்சா?" என்று கேட்கிற பெண்கள் அந்தக் குடும்பங்களில் இருக்கிறார்கள். மனிதனுக்குச் சீக்கு என்றால் ஆஸ்பத்திரி, மாத்திரை, பத்தியம், பக்கத்து வீட்டார் விசாரிப்பு என்று ஆயிரம் தொல்லை. வண்டிக்குச் சீக்கு என்றால் ஸ்பேனர் போதும். அதனால் யாருக்கு எது வந்தாலும் அதை வண்டியின் தலையில் கட்டிவிடுவதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

மெக்கானிக்கும் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன்தான். அப்பா ஓட்டியது லாரி. அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் ஒரு லாரிக்காரருக்கே. அவன் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் ஸ்பேனரைப் பிடித்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவின் லாரி அவன் ஷெட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா போனில் அழுதிருந்தாள். மாமா போன மாதம் குடோன் கேட்டில் வண்டியை உரசினார். போன வாரம் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு வேனை இடித்தார். குடோன் முதலாளி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மாமாவோ, முன் கண்ணாடி மங்குகிறது, வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று பிடித்த பிடியை விடவில்லை. அக்காவுக்கு அவருடைய கண் மேல்தான் சந்தேகம். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார்; இந்த மாதம் அது மறுநாள். விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்று எப்படியோ ஒரு டோக்கன் வாங்கி வைத்திருந்தாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். காலையில் வண்டி தம்பியின் ஷெட்டுக்குப் போகும். மத்தியானத்துக்குள் கோளாறு வண்டியில்தான் என்று அவன் சொன்னால் அந்தப் பேச்சை அக்கா அதோடு விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மாமா மறுபேச்சுப் பேசாமல் டாக்டரிடம் வர வேண்டும்.

"நீ பூசி மெழுகாத. அவருக்காகவும் சொல்லாத, எனக்காகவும் சொல்லாத. வண்டில இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்றாள் அக்கா.

அவன் சரி என்றான். ஆனால் படுக்கப் போகும்போதே அவன் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. டாக்டர் மாமாவின் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்து, இனிமேல் ஓட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மனிதர் அப்புறம் என்ன செய்வார்? மீசை முளைக்கும் முன்பே லாரியில் ஏறியவர். வேறு ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல இருந்தால், அக்காவின் சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்து அவள் வாயில் விழுவார். ஆண்டவனே, கோளாறு வண்டியிலேயே இருக்கட்டும் என்று மெக்கானிக் மனதார வேண்டிக்கொண்டான்.

காலையில் பனி விலகுவதற்குள் வண்டி வந்துவிட்டது. குளிர்காலம். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. ஷெட்டுக்குள் லாரி நுழைகிற சத்தத்தை வைத்தே அவனுக்கு அது யாருடைய வண்டி என்று தெரியும். மாமாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வாங்கிய லாரி அது. அதனால் அதற்கு 'மூத்தவ' என்று பெயர். அக்கா இளையவள். "உங்க மூத்த சம்சாரத்துக்கு மட்டும் புது டயர், எனக்குக் கிழிஞ்ச செருப்பா?" என்று அக்கா கேட்பதும், "அவ சம்பாதிச்சுப் போடறா, நீ சாப்பிடறியே" என்று மாமா சொல்வதும், அதன் பிறகு அரை நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் வாடிக்கை.

மாமா இறங்கினார். வழக்கமாக இறங்கும்போதே ஏதாவது வம்புக்கு இழுப்பவர், அன்றைக்கு வெறுமனே கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளாகவே வண்டி தண்ணீரைக் குடிக்கிறது, ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துவிட்டது என்றார். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் ஊற்றினாரா, வெறும் தண்ணீரா என்று மெக்கானிக் கேட்டான். குழாய்த் தண்ணீர்தான் என்று மாமா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏன் மாமா, அக்கா டீயில தண்ணிய ஊத்திக் குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"வேலையப் பாருடா மாப்ளே" என்றார் மாமா. சிரிக்கவில்லை.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது முகத்தைப் பொசுக்கிக்கொள்ள ஆசைப்படுபவன் செய்கிற காரியம். எஞ்சின் ஆறும் வரை அவன் மற்றதைப் பார்த்தான். வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஹோஸ்கள் வயசுக்கு ஏற்றபடி விறைத்திருந்தன, ஆனால் வெடிப்பு இல்லை. தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்பு போய்விட்டால் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் ஒழுகும். விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்த தூசிதான் வந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்க் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகியிருக்கும். அது கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்த்தான். வெள்ளைப் புகை இல்லை.

எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து, அந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டிக் காற்றை அடித்தான். பம்பில் ஒரு முள் உண்டு. எங்கும் லீக் இல்லையென்றால் முள் போன இடத்தில் நிற்கும். அன்றைக்கு முள் ஏறி, ஒரு நிமிஷம் யோசிப்பது போல நின்று, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. மெக்கானிக்குக் குஷி பிறந்துவிட்டது. லீக் இருக்கிறது. ஓடிப்போய்ச் செய்தித்தாள்களைப் பார்த்தான். ஒரு சொட்டுகூட இல்லை. மறுபடியும் அடித்தான். மறுபடியும் முள் இறங்கியது. தாள்கள் மறுபடியும் காய்ந்தே கிடந்தன.

தண்ணீர் போகிறது, ஆனால் எங்கேயும் வந்து சேரவில்லை. இதுபோன்ற கசிவுதான் மெக்கானிக்குகளின் உயிரை எடுப்பது. மணி பத்தைத் தாண்டிவிட்டது. மாமா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. மாமா அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே கிடையாது.

டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கலாம் என்று கிளீனர் உட்காரும் இடது பக்கமாகக் கேபினுக்குள் ஏறினான். காலை வைத்ததும் மிதியடி 'சதக்' என்றது. மழை பெய்து எத்தனையோ வாரம் ஆகிறது. குனிந்து மிதியடியைத் தூக்கினான். அடியில் தகரம் நனைந்து, ஓரமெல்லாம் துருவேறிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது. முகர்ந்தான். சர்க்கரைப் பாகு லேசாகக் கருகினால் வருமே, அந்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. கூலண்டின் வாசனை அதுதான், மாமா தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்பு வண்டியில் இருந்தது. டாஷ்போர்டில் மாமா மாட்டி வைத்திருந்த செண்ட் டப்பா அதை இத்தனை நாளும் மூடி மறைத்திருக்கிறது.

குளிர்காலத்தில் கேபினுக்குள் சூட்டுக் காற்று வர அந்தப் பழைய லாரியில் ஒரு ஹீட்டர் உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் அது. எஞ்சினின் வெந்நீர் இரண்டு குழாய் வழியாக அதற்குள் போய்விட்டுத் திரும்பும். விசிறி அந்தச் சூட்டை வாங்கி உள்ளே ஊதும். அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஓட்டையாகியிருந்தது. ஒழுகியதில் பாதி மிதியடிக்கு அடியில் இறங்கியது. மீதி ஆவியாகி, விசிறியோடு போய் முன் கண்ணாடியில் படிந்தது.

மெக்கானிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு பளிச்சென்று விழுந்தது. சுற்றிலும் எண்ணெய் பூசியது போல ஒரு படலம். இதில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் ஊரே மங்கலாகத்தான் தெரியும். அதைவிட வேடிக்கை, கண்ணாடி மங்குகிறதே என்று மாமா ஹீட்டரை இன்னும் கூட்டி வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பியிருப்பார். கூட்டக் கூட்டப் படலம் ஏறியிருக்கும். மருந்து என்று நினைத்ததுதான் நோயே.

"மாமா, இங்க வாங்க. உங்க மூத்தவ உங்கள எப்படி ஏமாத்தியிருக்கா பாருங்க."

மாமா வந்து பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டார். அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். "அப்போ இதனாலதான்" என்றார். அது கேள்வியா பதிலா என்று மெக்கானிக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவன் நிற்கவும் இல்லை.

இங்கே அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் அவன் எந்த வேலையையும் முடிந்தது என்று சொன்னதில்லை. வாடிக்கையாளர் வாசலில் நின்று பறந்தாலும் சரி, "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான் அவன் பதில். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறான், அதற்காகவே பெயரும் வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்டவன், அன்றைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் திருப்பாமல், கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். முந்தின நாள் அவள் அழுதது ராத்திரியெல்லாம் காதிலேயே இருந்தது. அதுதான் காரணம் என்று சொல்லலாம். தான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்றும் சொல்லலாம்.

ஹீட்டரைப் பற்றியும் படலத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "மாமா கண்ணுக்கு ஒண்ணுமில்லக்கா. எல்லாம் வண்டிதான்" என்று முடித்தான்.

அக்கா மறுபடியும் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீணாக மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்றாள். அவள் அப்போது ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தாள். மாமா வருவார் என்று முன்கூட்டியே போய் இடம் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா டோக்கன் கிடைக்காமல் காலையிலிருந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்களாம், பாவமாக இருக்கிறதாம், அவர்களுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். மெக்கானிக், கொடுத்துவிடு என்றான். கொஞ்சம் பொறு, ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றவில்லை.

மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டீக்கடையிலிருந்து வந்த டீ அவர் கையிலேயே ஆறிப்போனது. ஜெயித்த மனிதர் இப்படியா இருப்பார் என்று மெக்கானிக் ஒரு நொடி யோசித்தான். சரி, பெண்டாட்டி தன்னை நம்பவில்லையே என்ற ரோஷம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வேலை பெரிய வேலை இல்லை. அந்தப் பழைய லாரிக்குப் புது ஹீட்டர் கடைகளில் கிடைக்காது. கழற்றி, பித்தளைப் பற்று வைக்கக் கொடுத்தால் வர நாளாகும். அதுவரை ஹீட்டர் இல்லாமல் ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற குழாயையும், திரும்பி வருகிற குழாயையும் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத்துக்கு இந்தப் பக்கமே கழற்றி, வளைந்த ஒரு இரும்புக் குழாயால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தான். கிளிப்புகளை இறுக்கினான். துருப்பிடித்த தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுச் சுத்தமான தண்ணீரில் அலசி, புதுக் கூலண்டை ஊற்றினான். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட்டான். மறுபடியும் கைப்பம்பை மாட்டி அடித்தான். முள் ஏறி நின்றது. அவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அது அசையாமல் அதே இடத்தில் நின்றது.

பிறகு சோப்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாகக் கேபினுக்குள் ஏறி முன் கண்ணாடியைத் தேய்த்தான். ஒரு தடவை தேய்த்ததில் போகவில்லை. மூன்று துணி மாற்றினான். கடைசியில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று கையை நீட்டித் தொட்டுப் பார்க்கிற அளவுக்குச் சுத்தமானது. மாமா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நேராகப் பார்த்தார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "உனக்கு நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்கு மாமா? ஓட்டப்போறது நீங்கதானே" என்று அவன் சிரித்தான்.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று மாமா சாவியைத் திருப்பினார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்தபடி வந்தான். ஷெட்டிலிருந்து மேம்பாலம் வரை போய்த் திரும்புவது அவன் வழக்கம். மாமா நன்றாகத்தான் ஓட்டினார். கியர் மாற்றுவது தெரியவே இல்லை. வேகத்தடையில் அந்தப் பெரிய வண்டியைத் தொட்டிலை இறக்குவது போல இறக்கினார். பாலத்தின் மேல் ஏறும்போது முள் நடுவில் நின்றது, ஒரு நூல்கூட ஏறவில்லை. மெக்கானிக் சீட்டில் சாய்ந்துகொண்டு, ராத்திரி அக்கா வீட்டில்தான் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டான். நிம்மதியாக இருந்தான். அந்த நிம்மதியைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

திரும்பி வரும் வழியில், பெயிண்டர் ஒருவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் டப்பாக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தார். லாரி மெதுவாகப் போனதால் சைக்கிளும் கிளீனர் பக்கமாகக் கூடவே வந்தது. மெக்கானிக்கின் ஜன்னலுக்கு நேர் கீழே அந்த மனிதரின் தொப்பி தெரிந்தது. ஷெட் தெருவின் முனை வந்ததும் மாமா இண்டிகேட்டரைப் போட்டார். சைடு கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததை மெக்கானிக் தன் கண்ணால் கண்டான். பார்த்துவிட்டு, அந்த மனிதர் மேலேயே வண்டியைத் திருப்பினார்.

மெக்கானிக் கத்தியது என்ன என்று அவனுக்கே தெரியாது. எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தான். மாமாவின் கால் பிரேக்கில் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. கீழே தகர டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது.

அவன் குதித்து இறங்கினான். பெயிண்டர் நடைபாதையில் விழுந்து கிடந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, மற்றபடி அடி இல்லை. எழுந்து உட்கார்ந்தவர் நடுங்குகிற குரலில், மணி அடித்தேன், கூப்பிட்டேன், உன் வண்டியைக் கையால் தட்டிக்கொண்டே வந்தேனே, டிரைவருக்குக் கண் பொடனியிலா இருக்கிறது என்று கேட்டார். அவரைத் தூக்கி நிறுத்தி, டப்பாக்களைப் பொறுக்கிக் கொடுத்து, சைக்கிளின் முன்சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்து, கோணிப்போன ஹேண்டில்பாரை நிமிர்த்திக் கொடுத்தான். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார்.

திரும்பும்போது வண்டியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். மட்கார்டில் கேட் உரசிய தழும்பு. அதற்குப் பின்னால் வேனில் இடித்த பள்ளம். அதற்கும் பின்னால், யாரும் அவனிடம் சொல்லாத இரண்டு மூன்று புதுக் கீறல்கள். எல்லாம் ஒரே பக்கம், இடது பக்கம். காலையிலிருந்து பத்துத் தடவையாவது இந்தப் பக்கமாக நடந்திருப்பான். முன் கண்ணாடி மங்கினால் மனிதன் எதிரே இருப்பதில் அல்லவா போய் மோதுவான்? ஒரு பக்கத்தை மட்டும் எப்படித் தேய்ப்பான்? வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் இந்தக் கேள்வியைத்தான் அவன் முதலில் கேட்டிருப்பான்.

கேபினுக்கு ஏறிப் போனான். மாமா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி இருந்தார். அந்த ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். இல்லை என்றான். பிறகு, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள் என்றான். மாமா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சொன்னபடி மூடினார். மெக்கானிக் தன் கையை அவருக்கு இடது பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினான். கையை இன்னும் முன்னால் கொண்டுவந்தான். இன்னும் முன்னால். கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அவர் தலை லேசாக அசைந்தது.

"எத்தனை நாளா மாமா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடிருந்து." மாமா கையை எடுத்தார். "மொதல்ல சைடு கண்ணாடிதான் சரியில்லன்னு நெனச்சேன். ரெண்டு தடவ மாத்திட்டேன். அப்புறம் ஒரு நாள் வீட்டுல ஷேவ் பண்ணும்போது சோப்பு கண்ணுல பட்டுது. வலது கண்ண மூடிட்டுப் பாத்தா, கண்ணாடியில பாதி மூஞ்சிதான் இருக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? அக்கா டோக்கனக் குடுக்கும்போது கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் எல்லோரும் போய் முடியும் வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில ஏதாவது இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன் மாப்ளே. நீயும் கண்டுபிடிச்சிட்ட. உன் மூஞ்சியப் பாத்ததும், ஒருவேளை நெசமாவே அதுதானோன்னு எனக்கே தோணிடுச்சு."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவனும் அதையேதான் வேண்டிக்கொண்டான். இரண்டு பேர் வேண்டுதலுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. லாரி இப்போது ஒரு சொட்டு ஒழுகாது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அக்காதான். ஓட்டிப் பார்த்தாகிவிட்டதா, எப்போது வருகிறீர்கள், மாமாவுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் சிரிப்பு இருந்தது. மாமா அவனைப் பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தான். அவர் கெஞ்சவில்லை, பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"அக்கா, நான் சொன்னது தப்பு" என்றான் மெக்கானிக். "கண்ணாடியத் துடைச்சாச்சு. மாமாவுக்கு ஒரு பக்கம் தெரியலக்கா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"டோக்கனக் குடுத்துட்டேனேடா" என்றாள் அக்கா. "டாக்டர் கெளம்பிப் போயிட்டாரே. இனி அடுத்த மாசந்தானே வருவாரு."

நாளைக்கே பெரிய ஊருக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அந்தப் பெரிய ஊரில் யாரைப் பார்ப்பது, எங்கே போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியாது. அக்காவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

தெருமுனையில் லாரி பாதி திரும்பியபடி நின்றதால் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மாமாவே கதவைத் திறந்து இறங்கினார். பம்பரைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். அவன் சீட்டில் நகர்ந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். சீட் அவனுக்கு ரொம்பப் பின்னால் இருந்தது. மாமாவின் கால் நீளத்துக்கு வைத்தது. அவன் அதை மாற்றவில்லை, விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

மாமா கிளீனர் பக்கமாக ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தார். கதவு சாத்தவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். இடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்த லாரியை வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ கிளீனர்கள் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அதைக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமாவுக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் அது திரும்பி வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

மெக்கானிக் அவர் மடிக்குக் குறுக்கே சாய்ந்து, கதவைத் தூக்கி இழுத்துச் சாத்தினான்.